கைகுலுக்கினால் போதுமா?



2025-ஆம் யூபிலி ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் மறைமாவட்டத்திலிருந்து உரோமாபுரிக்குப் புறப்பட்ட திருப்பயணிகளுள் நானும் ஒருவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, பாடநூலில் கண்ட நகரைக் கண்ணால் காணும் பேறு எழுபதாம் வயதை நெருங்கும்போதுதான் வாய்த்தது. புனித இராயப்பர் பேராலயத்தின் புனிதக் கதவைக் கடந்ததைப் பற்றியும், அப்போஸ்தலரின் கல்லறைமுன் முழந்தாளிட்டதைப் பற்றியும் எழுத எத்தனையோ உண்டு. ஆயினும் இன்று நான் எழுத விழைவது பேராலயத்தைப் பற்றியன்று. ஒரு பழைய மடத்தைப் பற்றி.

திபேர் நதிக்கு அப்பால் திராஸ்தேவெரே என்றொரு பழைய பகுதி இருக்கிறது. அங்குள்ள தேவமாதா ஆலயத்தில் மாலை மன்றாட்டில் கலந்துகொண்டு வெளியே வந்தோம். உரோமையில் உயர்கல்வி பயிலும் எங்கள் மறைமாவட்டத்து இளங்குரு ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருந்தார். அவர் எங்களைப் பக்கத்திலிருந்த சிறிய சதுக்கத்துக்கு அழைத்துச் சென்று, முற்காலத்தில் கார்மேல் சபைக் கன்னியர் மடமாயிருந்த ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டினார். புனித எஜீதியோ பெயர் தாங்கிய மடம் அது.

"ஐயா, நீங்கள் வரலாற்று ஆசிரியர் அல்லவா? ஆப்பிரிக்காவில் பதினாறு ஆண்டுகள் நடந்த ஒரு போர், இந்த வீட்டில் நடந்த பேச்சினால் முடிந்தது" என்றார்.

"பேசி முடித்தவர்கள் யார், சுவாமி? ஐக்கிய நாடுகள் சபையினரா?"

"இல்லை ஐயா. ஓர் ஆயர், ஒரு குரு, ஒரு பேராசிரியர், ஓர் அரசியல்வாதி. நால்வர்தாம்."

மற்றவர்கள் அதைக் கேட்டு வியந்தார்கள். எனக்கோ அந்த விடை நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதற்குக் காரணம் ஊரில் இருந்தது.

நான் செய்த சமாதானம்

எங்கள் பங்கில் இரண்டு சகோதரர்கள். தந்தை இறந்தபின் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். தந்தை வெட்டிய கிணறு மூத்தவர் பங்கில் விழுந்தது. அந்தக் கிணற்று நீரையே நம்பிய வயலின் பெரும்பகுதி இளையவர் பங்கில் விழுந்தது. பம்புசெட்டின் மின் இணைப்போ இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தது. இதைவிடப் பகைக்கு வேறென்ன வேண்டும்? ஐந்து ஆண்டுகளாக அவர்களிடையே பேச்சுவார்த்தை இல்லை. அவர்களைப் பெற்ற தாய் ஞாயிறு திருப்பலிக்கு வருவார். எந்த மகன் குடும்பத்தோடு அமர்வது என்று அறியாமல், கடைசி வரிசையில் தூணோரம் தனியே அமர்ந்திருப்பார்.

அன்பியப் பொறுப்பாளன் என்ற முறையில் நான் இதில் தலையிட்டேன். பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்குக்கு முன், இருவரையும் ஆலய முற்றத்துக்கு வரவழைத்தேன். சகோதர அன்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். "ஆண்டவரே சீடர்களின் பாதங்களைக் கழுவிய நாளில் உங்களுக்கு என்ன வீம்பு? கையைக் கொடுங்கள்" என்றேன். இருவரும் கைகுலுக்கினார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றிரவு நான் மிகுந்த மனநிறைவோடு உறங்கினேன்.

விண்ணேற்பு விழா வருமுன் பம்புசெட்டின் ஒயர் அறுக்கப்பட்டிருந்தது. விவகாரம் காவல் நிலையம் வரை சென்றது. அடுத்த ஞாயிறு அந்தத் தாய் என்னைக் கண்டு, "வாத்தியாரே, முன்னே பேசாமல் இருந்தார்கள், இப்போது அடித்துக்கொள்கிறார்கள்" என்றார். அவர் என்னைக் குறைகூறவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் நான் உரோமைக்குச் சென்றிருந்தேன்.

கைக்கெட்டும் தூரத்திலிருந்த இரு சகோதரரை என்னால் ஒன்றுசேர்க்க இயலவில்லை; ஒரு நாட்டையே ஒன்றுசேர்க்க அந்த நால்வரால் எங்ஙனம் இயன்றது? ஊர் திரும்பியதும் அந்தப் போரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு நாட்டின் பாடுகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், இந்துமாக்கடலின் கரையில், நம் திசைநோக்கி இருக்கும் நாடு மொசாம்பிக். நூற்றாண்டுகளாகப் போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த அது, 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் விடுதலை பெற்றது. விடுதலைக்காகப் போராடிய ஃபிரெலிமோ இயக்கம் ஆட்சிக்கு வந்தது. சமோரா மஷேல் முதல் குடியரசுத் தலைவரானார். புதிய அரசு மார்க்சியப் பாதையைத் தேர்ந்தது. திருச்சபை நடத்திவந்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசுடைமையாயின. மறைபரப்பு நிலையங்கள் பல மூடப்பட்டன.

அண்டை நாடான ரொடீசியாவில் அப்போது வெள்ளையர் ஆட்சி நடந்தது. தன்னை எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு மொசாம்பிக் இடம் கொடுத்ததால், அந்த ஆட்சி ரெனாமோ என்னும் ஆயுதப் படையை உருவாக்கி ஏவிவிட்டது. 1980-இல் ரொடீசியா ஜிம்பாப்வே என்னும் சுதந்திர நாடானதும், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா அப்படையைத் தத்தெடுத்துக்கொண்டது. ஆனால் அந்நியர் மூட்டிய தீ என்பது மட்டுமே முழு உண்மையன்று. கூட்டுக் கிராமங்களில் கட்டாயமாகக் குடியேற்றப்பட்டவர்கள், பாரம்பரியத் தலைமையை இழந்தவர்கள், தலைநகரம் தங்களை மறந்துவிட்டதென்று கருதிய மத்திய மாநிலத்தார் ஆகியோரின் மனக்குறையும் அந்தத் தீக்கு விறகாயிற்று.

1977 முதல் 1992 வரை நடந்த போரிலும், போர் விளைத்த பசியிலும் பிணியிலும் ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் மாண்டனர். 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அண்டை நாடுகளில் அகதிகளாயினர்; அவர்களுள் பெரும்பாலோர்க்கு அடைக்கலம் தந்தது மலாவி என்னும் சின்னஞ்சிறு ஏழை நாடு. பள்ளிகளும் சுகாதார நிலையங்களும் கொளுத்தப்பட்டன. சிறுவர்கள் கடத்தப்பட்டுத் துப்பாக்கி ஏந்த வைக்கப்பட்டார்கள். ரெனாமோ செய்த கொடுமைகள் மிகப் பல. அரசுப் படையின் கரங்களும் தூயவையாயிருக்கவில்லை.

மேலிடத்தில் கையெழுத்திட்டு இப்போரை நிறுத்த ஒருமுறை முயன்றதுண்டு. 1984-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மொசாம்பிக்கும் தென்னாப்பிரிக்காவும் இங்கோமாட்டி உடன்பாட்டைச் செய்துகொண்டன. தலைவர்கள் கைகுலுக்கினார்கள்; படம் பிடித்தார்கள். ஆனால் உண்மையில் துப்பாக்கி ஏந்தி நின்ற ரெனாமோவினர் அந்த மேசையில் இல்லை. போர் ஓயவில்லை. இதைப் படித்தபோது எனக்கு என் பெரிய வியாழன் நினைவுக்கு வந்தது.

பகைவனுக்கு ஒரு பெயர்

அரசு ரெனாமோவினரை "ஆயுதம் தாங்கிய கொள்ளையர்" என்றே அழைத்துவந்தது. கொள்ளையனோடு யாராவது பேசுவார்களா? பிடிப்பார்கள், அல்லது கொல்வார்கள். ரெனாமோவோ அரசை அரசென்றே ஏற்கவில்லை. இப்படி ஒருவர்க்கொருவர் இட்ட பெயரே இருவருக்கும் நடுவே மதிலாய் எழுந்து நின்றது.

இந்த மதிலை முதலில் தட்டியவர்கள் அந்நாட்டு ஆயர்கள். நாட்டு மக்கள் அனைவரும் அமர்ந்து பேசவேண்டும் என்று 1987-இல் வெளியிட்ட சுற்றுமடலில் அவர்கள் வெளிப்படையாக வேண்டினர். அரசு சினந்தது. ஆயினும் பெய்ரா நகரப் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ் ஒரு படி மேலே சென்றார். 1988-இல் அவர் இரகசியமாகப் பயணம் செய்து, காட்டுக்குள் இருந்த பாசறையில் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ ட்லகாமாவைச் சந்தித்தார். உயிரைப் பணயம் வைத்த பயணம் அது. அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது: இருவரும் ஒரே வட்டாரத்தார், இருவருக்கும் தாய்மொழி நிடாவு. காட்டில் வாழும் கொடியவன் என்று தலைநகரம் வருணித்த மனிதரோடு பேராயர் தம் அன்னையின் மொழியில் உரையாடினார்.

அக்காலத்தில் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே உள்ளிட்ட பிற சபைத் தலைவர்களும் கத்தோலிக்க ஆயர்களோடு கைகோத்தனர். 1989-இல் கென்யாவின் தலைநகர் நைரோபியில் அவர்கள் ரெனாமோவினரைச் சந்தித்துப் பேசினார்கள். எந்தச் சபையார் முதலில் சென்றார் என்ற போட்டி அங்கே இல்லை.

அந்த நால்வர்

புனித எஜீதியோ சமூகம் 1968-இல் அந்திரேயா ரிக்கார்தி என்னும் பள்ளி மாணவரால் உரோமையில் தொடங்கப்பட்டது. செபம், ஏழைகளோடு தோழமை என்ற இரண்டுமே அதன் அடித்தளம். அங்கே பயின்றுகொண்டிருந்த கொன்சால்வெஸ், ஆயராகுமுன்பே அச்சமூகத்தாரோடு நட்புக்கொண்டார். மொசாம்பிக்கில் பஞ்சம் வந்தபோது அவர்கள் உணவும் மருந்தும் அனுப்பினார்கள். அரசுக்கும் திருச்சபைக்கும் இடையே மனக்கசப்புத் தீர உதவினார்கள். அமைதிப் பேச்சு என்ற எண்ணமே எழுமுன், பத்தாண்டுக் காலப் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. இதை நாம் கவனிக்கவேண்டும். சண்டை மூண்டபின் ஓடிவந்த மத்தியஸ்தர்கள் அல்லர் அவர்கள்.

ரிக்கார்தி, அச்சமூகத்துக் குருவாகிய மத்தேயோ சூப்பி, பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ராஃபாயேலி என்னும் பாராளுமன்றவாதி ஆகிய நால்வரே அந்த மேசையில் நடுவே அமர்ந்தவர்கள். (அன்றைய இளங்குரு சூப்பி பின்னாளில் பொலோஞ்ஞா பேராயராகி, 2019-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.) தொடக்கத்தில் அவர்களுக்கு "நடுவர்" என்ற பட்டமும் கிடையாது, "பார்வையாளர்" என்றுதான் பெயர். சில மாதங்கள் சென்றபின், இரு தரப்பாரின் இசைவோடுதான் நடுவரானார்கள். நானோ என் சகோதரர்களிடம் முதல் நாளே நீதிபதியாகச் சென்றேன்.

1990-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அந்தப் பழைய மடத்தில் முதல் சந்திப்பு நடந்தது. அரசுத் தரப்புக்கு அர்மாந்தோ கெபூசா, ரெனாமோவுக்கு ராவுல் டொமிங்கோஸ் தலைமை தாங்கினர். பிரிக்கின்றவற்றை ஒருபுறம் வைத்து, ஒன்றுசேர்க்கின்றவற்றை முதலில் தேடுவோம் என்று ரிக்கார்தி கேட்டுக்கொண்டார். இரண்டு நாள்கள் கழித்து ஒரு கூட்டறிக்கை வெளிவந்தது. போர் நிறுத்தம் அதில் இல்லை. ஆட்சிப் பங்கீடும் இல்லை. தாங்கள் ஒரே தாய்நாட்டவர், மொசாம்பிக் என்னும் பெருங்குடும்பத்தின் உறுப்பினர் என்று இரு தரப்பாரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதே அதன் சாரம்.

ஒரு சொல்தானே என்று தோன்றலாம். ஆனால் கொள்ளையன் என்ற சொல் போய்க் குடும்பத்தான் என்ற சொல் வந்தபின்தான், மற்றெல்லாம் பேசக்கூடியவை ஆயின.

இருபத்தேழு மாதங்கள்

அதன்பின் நடந்தது ஓரிரவு அற்புதமன்று. பதினொரு சுற்றுப் பேச்சு, இருபத்தேழு மாதங்கள். இடையே கோபித்துக்கொண்டு எழுந்து சென்ற நாள்கள் உண்டு. மாதக்கணக்கில் கூடாதிருந்த காலங்களும் உண்டு. 1990 டிசம்பர் முதல் நாள், பெய்ரா, லிம்போப்போ என்னும் இரண்டு இருப்புப்பாதைத் தடங்களில் மட்டும் போரை நிறுத்தவும், அங்கிருந்த ஜிம்பாப்வே படையினரை அத்தடங்களுக்குள் அடக்கவும் இசைந்தார்கள். முழுநாட்டுக்கும் அமைதி இல்லை. இரண்டு தடங்களுக்கு மட்டும். அதுவும் அடிக்கடி மீறப்பட்டது. ஆயினும் அந்தச் சிறிய வாக்குறுதி, பெரிய வாக்குறுதிக்கு ஒத்திகையாயிற்று.

1991 அக்டோபரில் அடிப்படைக் கொள்கைகள், நவம்பரில் அரசியல் கட்சிகள், 1992 மார்ச்சில் தேர்தல் விதிகள் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். போர்ப்படைகள் என்னாவது, ஆயுதத்தைக் கீழே வைத்தவன் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற வினாக்களை இறுதியில் எடுத்தார்கள். 1992 ஆகஸ்டு 7-ஆம் நாள், மஷேலுக்குப்பின் குடியரசுத் தலைவரான ஜோவாக்கிம் சிசானோவும் ட்லகாமாவும் உரோமையில் நேருக்குநேர் சந்தித்துக் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். அக்டோபர் 4-ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருவிழாவன்று, பொது அமைதி ஒப்பந்தம் நிறைவேறியது.

இது முழுக்க நால்வரின் சாதனை என்று சொன்னால் உண்மைக்கு மாறாகும். உலக வல்லரசுகளின் பனிப்போர் ஓய்ந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி தளர்ந்தது. 1991-92-இல் வந்த கொடிய வறட்சி இரு படைகளையும் பட்டினி போட்டது. காலம் கனிந்திருந்தது. ஆனால் கனிந்த பழத்தைக் கீழே விழுந்து அழுகவிடாமல் ஏந்துவதற்கும் கை வேண்டும் அன்றோ? அந்த நால்வருக்குப் படையில்லை, மிரட்டும் வலிமையில்லை. தங்களால் இயலாதது எது என்பதை அறிந்திருந்ததே அவர்களுடைய பலம். பேச்சுக்கான செலவையும் தூதுப்பணியையும் இத்தாலிய அரசு ஏற்றது. அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, போர்த்துக்கல் முதலிய நாடுகளும் ஐக்கிய நாடுகள் சபையும் பார்வையாளராக வந்தன. நம்பிக்கையைச் சமூகம் தந்தது; உறுதிப்பாட்டை அரசுகள் தந்தன.

அங்கோலா கற்பித்த பாடம்

அதே ஆண்டில், அதே ஆப்பிரிக்காவில், அதே போர்த்துக்கீசிய ஆட்சியிலிருந்து அதே 1975-இல் விடுபட்ட அங்கோலாவிலும் ஓர் உடன்படிக்கை சோதிக்கப்பட்டது. அங்கே 1991 மே மாதம் கையெழுத்தாயிற்று. 1992 செப்டம்பர் 29, 30 நாள்களில் தேர்தலும் நடந்தது. ஆனால் இரு படைகளும் முற்றாகக் கலைக்கப்படவில்லை. மேற்பார்வைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் குழுவோ மிகச் சிறியது. தோற்றவர் முடிவை ஏற்கவில்லை. துப்பாக்கியும் அவர் கையிலேயே இருந்தது. சில வாரங்களில் போர் மீண்டும் மூண்டது. அது முற்றும் ஓய மேலும் பத்தாண்டுகள், 2002 வரை, பிடித்தன.

மொசாம்பிக் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. ஒப்பந்தப்படி ஓராண்டுக்குள் தேர்தல் நடந்திருக்கவேண்டும். படைகள் கலையும்வரை அதை இன்னுமோர் ஆண்டு ஒத்திவைத்தார்கள். 49 முகாம்களில் வீரர்கள் திரட்டப்பட்டு ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். வீடு திரும்பியவர்க்கு இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை தரப்பட்டது. 1992 டிசம்பரில் அமைக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையில் பல நாட்டினர் பணிபுரிந்தார்கள். நம் இந்திய இராணுவத்தினரும் அவர்களுள் இருந்தனர். அதன் தலைவராயிருந்த ஆல்தோ அயெல்லோ, ரெனாமோ ஓர் அரசியல் கட்சியாக மாறுவதற்கென ஒரு நிதியையும் திரட்டினார். காட்டிலிருந்து வந்தவனுக்கு நகரில் ஓர் அலுவலகமும், உடுத்த நல்ல உடையும், பேச ஒரு மேடையும் இருந்தால்தான் அவன் காட்டுக்குத் திரும்பமாட்டான் என்பது அவர் கணக்கு. "கொலைகாரர்களுக்குப் பணமா?" என்று முகஞ்சுளித்தவர்கள் உண்டு. அந்த வினாவில் நியாயமும் உண்டு. ஆனால் போர் திரும்பவில்லை.

இன்னொரு செய்தி என்னை நெகிழச் செய்தது. இரு தரப்பிலிருந்தும் பாதிப்பாதியாக 30,000 பேரைச் சேர்த்துப் புதிய தேசியப் படை அமைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் சேர முன்வந்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர்தாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். தலைவர்கள் பேசி முடிக்குமுன்பே படைவீரன் மனத்தளவில் போரை முடித்துவிட்டிருந்தான்.

1994 அக்டோபர் 27-இல் தேர்தல் தொடங்கவிருந்தது. அதற்கு முந்திய நாள் ட்லகாமா புறக்கணிப்பதாக அறிவித்தார். எல்லாரும் அஞ்சினர். அண்டை நாட்டுத் தலைவர்களும் தூதர்களும் வற்புறுத்தவே அவர் மீண்டும் களத்துக்கு வந்தார். வாக்களிப்பும் ஒருநாள் நீட்டிக்கப்பட்டது. சிசானோ 53 விழுக்காடும், ட்லகாமா 33 விழுக்காடும் பெற்றனர். பாராளுமன்றத்தின் 250 இடங்களில் ரெனாமோவுக்கு 112 இடங்கள் கிடைத்தன. தோற்றவருக்கும் வீட்டில் ஓர் அறை கிடைத்தது.

கையெழுத்துக்குப் பின்

மேசையில் முடிந்த போர் மனத்தில் முடிய நாள் பிடித்தது. ஊர் மூத்தோர், திரும்பி வந்த இளைஞரைத் தங்கள் வழக்கப்படி நீராட்டித் தூய்மைச் சடங்கு செய்து வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். 1995-இல், ஆயர் செங்குலானேயின் முயற்சியால், மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மறைத்துவைத்த துப்பாக்கியைக் கொண்டுவருவோர்க்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி முதலியவை தரப்பட்டன. எசாயா இறைவாக்கினர் கண்ட கனவை அவர்கள் அப்படியே செயலாக்கினார்கள்.

ஆனால் உண்மையை மறைக்கலாகாது. முழுமையாகக் கலைக்கப்படாத ஆயுதக் குழுவும், தீர்க்கப்படாத மனக்குறையும் மீண்டும் தலைதூக்கின. 2013-இல் அரசுக்கும் ரெனாமோவுக்கும் இடையே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. 2014-இல் ஓர் உடன்பாடு, அதுவும் நிலைக்கவில்லை. 2018-இல் ட்லகாமா இறந்தபின், 2019 ஆகஸ்டு 6-ஆம் நாள் மீண்டும் ஓர் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுக்குச் சென்று அதை ஆசீர்வதித்தார். ரெனாமோவின் இறுதிப் பாசறை 2023-இல்தான் மூடப்பட்டது. 1992-இல் நட்ட செடிக்கு முப்பது ஆண்டுகள் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. சமாதானம் என்பது ஒரு நாள் விழாவன்று, அது பயிர்த்தொழில்.

கிணற்றடியில்

இவற்றையெல்லாம் படித்தபின் நான் அந்தச் சகோதரர்களிடம் மறுபடியும் சென்றேன். இம்முறை இருவரையும் ஒன்றாக அழைக்கவில்லை. தனித்தனியே சென்று, பேசாமல், கேட்டேன். மூத்தவர் தம்பியைக் "குடிகாரன்" என்றே குறிப்பிட்டார். இளையவர் அண்ணனைத் "திருடன்" என்றார். பெயரும் உறவும் இருவர் வாயிலும் செத்துப்போயிருந்தன. இரண்டு மாதங்கள் கழித்து ஒரு மாலை, இளையவர் தம்மையறியாமல், "அண்ணனுக்குச் சளித்தொல்லை, மழையில் கிணற்றடியில் நிற்கலாகாது" என்று சொல்லிவிட்டார். அன்றுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

என் செருக்கையும் விட்டேன். என்னால் இயலாதது எது என்று எண்ணிப் பார்த்தேன். மின் இணைப்பைப் பெயர் மாற்ற எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழக்கறிஞரை அழைத்தேன். சகோதரர் இருவரும் மதிக்கும் தாய்மாமன் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார், அவரையும் அழைத்தேன். பெரிய வியாழனன்று நான் அவர்களுடைய கைகளைச் சேர்த்துவைத்தேன். ஆனால் அடுத்த நாள் காலை யார் மோட்டாரைப் போடுவது என்று கேட்கவேயில்லை. இப்போது அதையே முதலில் கேட்டோம். எட்டு மாதங்கள் ஆயின. இருமுறை மூத்தவர் எழுந்து போனார். முடிவில் ஒரு தாளில் எழுதினோம்: திங்கள் முதல் புதன்வரை நீர் ஒருவருக்கு, வியாழன் முதல் சனிவரை மற்றவருக்கு, பழுது பார்க்கும் செலவு பாதிப்பாதி. ஞாயிறு யாருக்கு என்ற சிக்கல் வந்தது. தாய்மாமன்தான் சொன்னார், அது உங்களைப் பெற்றவளுக்கு என்று. வீட்டுக்குப் பின்னால் அந்த அம்மையார் கீரையும் கத்தரியும் போட்டிருக்கிறார்.

இப்போதும் அவர்கள் மனம்விட்டுப் பேசுவதில்லை. கைகுலுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறு காலை திருப்பலிக்கு முன், ஒருவர் மோட்டாரைப் போடுகிறார். மற்றவர் வாய்க்காலில் நின்று மடையைத் திறந்துவிடுகிறார். "வருகிறதா?" என்று ஒருவர் கேட்க, "வருகிறது" என்று மற்றவர் சொல்கிறார். வாரத்துக்கு அந்த இரண்டு சொற்கள்.

அவர்களுடைய தாய் இன்னும் கடைசி வரிசையில்தான் அமர்கிறார். முன்னே வந்து அமரச் சொன்னேன். "இருக்கட்டும் வாத்தியாரே, இங்கிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் தெரிகிறார்கள்" என்றார்.

அன்பர்களே, உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இப்படி ஒரு கிணறு இருக்கக்கூடும். சமாதானம் செய்வோரை ஆண்டவர் பேறுபெற்றோர் என்று அழைத்தார். விரைந்து செய்வோரை அல்ல. முதலில் கேளுங்கள். பகைவனுக்கு அவனுடைய உறவுப் பெயரைத் திரும்பக் கொடுங்கள். நாளைக் காலை நீர் எவ்வழி பாயும் என்பதை எழுதிவையுங்கள். பின்பு பொறுத்திருங்கள்.